சுகாதாரச் செலவை நாடாளுமன்ற ஆவணங்களின் வழியே பின்தொடர்வது எப்படி?

2024 பிப்ரவரி 1 அன்று தாக்கலான இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய சுகாதாரம் மற்றும் குடும்பநல அமைச்சகத்துக்கு 90,658.63 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முந்தைய ஆண்டைவிட இது 12.59 சதவீதம் அதிகம் என்று செய்திகள் வெளிவந்தன. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்ட தொகை 80,517.62 கோடி, அதாவது 2023-24ஆம் ஆண்டின் திருத்திய மதிப்பீடு, ஆண்டு முடிவதற்கு முன் மறுபடி கணித்த தொகை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவையில் அறிவிக்கப்பட்ட தொகையோ 89,155 கோடி. அறிவிப்பை அறிவிப்போடு ஒப்பிட்டால் உயர்வு 1.7 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. விலைவாசியைக் கணக்கில் கொண்டால் அதை உயர்வு என்று சொல்லவே முடியாது. இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அந்தச் செய்திகளுக்குள் மறைந்துபோனது: நாட்டின் மருத்துவமனைகளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் 8,600 கோடிக்கு மேல் ஏன் ஆண்டு முடிவதற்குள்ளேயே குறைக்கப்பட்டது?

இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்பதற்கென்றே நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழு, பொதுக் கணக்குக் குழு, கேள்வி நேரம், உறுதிமொழிக் குழு என்று பல ஏற்பாடுகள் உள்ளன. அவற்றின் ஆவணங்கள் ஏறத்தாழ அனைத்தும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே செலவு குறித்த செய்தி மூன்று நான்கு ஆண்டுகளில், வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து, வெவ்வேறு தலைப்புகளின் கீழ்த் துண்டு துண்டாக வெளிவருவதால், எதற்கு அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது தெரியாதவர் எளிதில் களைத்துப் போவார். மாவட்ட அளவில் எழுதும் செய்தியாளர்கள், சுகாதார உரிமைக்காக உழைப்போர், ஆய்வு மாணவர்கள், தம் ஊர் மருத்துவமனைக்கு வரவேண்டிய பணம் எங்கே நின்றது என்று அறிய விரும்பும் எவரும் பயன்படுத்தக்கூடிய வரிசையை இங்கே தருகிறேன். தொடங்கும்போதே ஒன்றை வலியுறுத்துகிறேன்: அமைச்சகம் முழுவதையும் பின்தொடர முயலாதீர்கள். ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை எல்லா ஆவணங்களிலும் தேடிச் செல்லுங்கள்.

மானியக் கோரிக்கையின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

ஒன்றிய அரசின் ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பணத்தை மானியக் கோரிக்கை என்ற வடிவில் மக்களவையிடம் கேட்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. அண்மை ஆண்டுகளில் சுகாதாரம் மற்றும் குடும்பநலத் துறைக்குக் கோரிக்கை எண் 46, சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு எண் 47. துறைகள் பிரிக்கப்படும்போதும் சேர்க்கப்படும்போதும் எண்கள் மாறுகின்றன என்பதால், பல ஆண்டுகளை ஒப்பிடும்போது எண்ணை நம்பாமல் துறையின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நிதி அமைச்சகத்தின் வரவு செலவுத் திட்ட இணையதளத்தில் செலவுத் திட்டம் என்னும் தொகுதியில் இந்தக் கோரிக்கைகள் சில பக்கங்களில் சுருக்கமாக இருக்கும். அமைச்சகத்தின் சொந்த இணையதளத்தில் விரிவான மானியக் கோரிக்கைகள் என்ற தடித்த ஆவணம் இருக்கும். சம்பளம், மருந்து, கட்டடம், மானிய உதவி என்று கணக்குத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது ஆவணமே.

ஒவ்வொரு வரியிலும் நான்கு தொகைகள் வரிசையாக நிற்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் தொடக்க மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்பன அவை. தொடக்க மதிப்பீட்டைத் தொடக்க மதிப்பீட்டோடும், உண்மைச் செலவை உண்மைச் செலவோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பிப்ரவரி 2ஆம் தேதிச் செய்திகளில் பாதிக்குமேல் தெளிவாகிவிடும். ஓர் ஆண்டின் உண்மைச் செலவு அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாக்கலாகும் நிதிநிலை அறிக்கையில்தான் முதன்முதலாக அச்சாகிறது. அதனால் பொறுமையும் பழைய தொகுதிகளும் தேவை. 2024 போன்ற தேர்தல் ஆண்டில் பிப்ரவரியில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக இரண்டு நிதிநிலை அறிக்கைகள் வரும். அந்த ஆண்டு ஜூலை 23 அன்று வந்த முழு அறிக்கையில் அமைச்சகத்தின் மொத்தம் 90,958.63 கோடியாக இருந்தது. எந்த மாத அறிக்கையிலிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறித்து வைக்காவிட்டால் பின்னர் உங்கள் கணக்கே உங்களுக்குப் பொருந்தாது.

சம்பளம், மருந்து போன்ற வருவாய்ச் செலவையும் கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாநிலத்துக்கோ தன்னாட்சி நிறுவனத்துக்கோ மானியமாகச் செல்லும் பணத்தில் கட்டடமே கட்டப்பட்டாலும், ஒன்றிய அரசின் ஏட்டில் அது வருவாய்ச் செலவாகவே பதிவாகும். எனவே மூலதனத் தொகை சிறிதாக இருப்பதைப் பார்த்து மருத்துவமனைகள் கட்டப்படவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆயுஷ் அமைச்சகத்தின் கோரிக்கை தனியானது என்பதையும், இராணுவம், இரயில்வே ஆகியவற்றின் மருத்துவமனைச் செலவு அந்தந்த அமைச்சகங்களில் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று பரிந்துரைத்த 70,051 கோடி ரூபாயும் இந்த 46ஆம் எண்ணுக்குள் வராது. "அரசு சுகாதாரத்துக்குச் செலவழிப்பது இவ்வளவு" என்று எழுதும் முன் எந்தப் பையில் உள்ள பணத்தைச் சொல்கிறோம் என்று ஒரு வரி சேர்ப்பது வாசகருக்குச் செய்யும் குறைந்தபட்ச நேர்மை.

விடுவித்த பணமும் செலவான பணமும்

தேசிய சுகாதார இயக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியத்தின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. ஒன்றிய அரசு தன் பங்கை மாநிலக் கருவூலத்துக்கு அனுப்பியவுடனே டெல்லியின் கணக்கில் அது செலவு ஆகிவிடுகிறது. அந்தப் பணம் கருவூலத்திலிருந்து மாநில சுகாதாரச் சங்கத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சென்று செவிலியரின் ஊதியமாகவோ மருந்தாகவோ மாறும்வரை எத்தனை மாதம் எங்கே நின்றது என்பது நிதிநிலை அறிக்கையில் தெரியாது. ஆகவே எந்தத் தொகையைக் கண்டாலும் அது ஒப்புதல் அளிக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டதா, பயன்படுத்தப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே கேட்டுப் பழக வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ்கள் நிலுவையில் இருக்கின்றன என்று ஒரு குழு அறிக்கை குறிப்பிட்டால், கணக்கில் செலவானதாகக் காட்டப்பட்ட பணத்துக்கு இன்னும் சான்று வரவில்லை என்பதே அதன் பொருள்.

நிதியாண்டின் கடைசி மாதத்தையும் கவனியுங்கள். கடைசிக் காலாண்டில் மதிப்பீட்டின் 33 சதவீதத்துக்கும், மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் செலவிடக் கூடாது என்பது நிதி அமைச்சகத்தின் கட்டுப்பாடு. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் பணம் நகரவில்லை என்றால் அந்த உச்சவரம்பு மீறப்படும், அல்லது பணம் திரும்ப ஒப்படைக்கப்படும். மருத்துவமனைக்கு இரண்டுமே கேடு.

நிலைக்குழு அறிக்கையைப் படிக்கும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்குமானால் இதைப் பின்பற்றுங்கள். அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கப்பட்டன. 2004 முதல் அவற்றின் எண்ணிக்கை 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 உறுப்பினர்கள் உண்டு. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. சுகாதாரம் மற்றும் குடும்பநலக் குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குவதால், அதன் அறிக்கைகளை மக்களவைப் பக்கத்தில் தேடுவோருக்கு அவை கிடைப்பதில்லை. நாடாளுமன்றத்தின் பொதுவான இணையதளத்தில் மாநிலங்களவையின் குழுக்கள் பிரிவுக்குள் செல்ல வேண்டும். மானியக் கோரிக்கை மீது வாக்களிக்கும் உரிமை மாநிலங்களவைக்கு இல்லை. ஆனாலும் அந்த அவையின் உறுப்பினர்கள் இந்தக் குழுவில் அமர்ந்து அமைச்சகத்தின் செயலாளரிடம் நேருக்கு நேர் கணக்குக் கேட்கிறார்கள் என்பதை நமது நடைமுறையின் சிறப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

நிதிநிலை அறிக்கை தாக்கலானதும் பொது விவாதம் முடிந்து அவைகள் இடைவேளைக்குச் செல்கின்றன. அந்தச் சில வாரங்களில் குழு கூடி, அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான விடைகளைப் பெற்று, அதிகாரிகளைச் சாட்சிகளாக அழைத்துக் கேட்டு, மார்ச் மாதத்தில் அறிக்கை அளிக்கிறது. கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் அறிக்கையே நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று. கட்சிக் கொறடாக்களின் கட்டுப்பாடு குழுவில் இல்லாததால், அவையில் காண முடியாத பொறுமையான விசாரணையை அதன் பக்கங்களில் காணலாம்.

அந்த அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, அமைச்சகம் நிதி அமைச்சகத்திடம் கேட்ட தொகையையும் கிடைத்த தொகையையும் அருகருகே காட்டும் அட்டவணை. நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்ட தொகை மட்டுமே இருக்கும். கேட்டது எவ்வளவு என்பது அங்கே இருக்காது. ஒரு திட்டத்துக்குப் பணம் குறைந்ததற்குக் காரணம் அமைச்சகமே குறைவாகக் கேட்டதா, கேட்டும் கிடைக்காததா, கிடைத்தும் செலவழிக்க முடியாததா என்ற மூன்று நிலைகளையும் பிரித்தறிய இந்த அட்டவணைதான் உதவும். அடுத்து, அறிக்கை எழுதப்பட்ட காலம் வரையிலான செலவைக் காட்டும் பத்தியைப் பாருங்கள். ஆண்டின் பத்தாவது மாதம் கடந்த பிறகும் ஒரு திட்டத்தில் பாதித் தொகைகூடச் செலவாகவில்லை என்றால், அமைச்சகம் கூறும் காரணத்தை முழுமையாக நகலெடுத்து வையுங்கள். மறு ஆண்டு அறிக்கையிலும் அதே காரணம் சொல் மாறாமல் வருகிறதா என்று பார்ப்பது மிகவும் பயனுள்ள பயிற்சி.

குழுவின் பரிந்துரைகள் தடித்த எழுத்தில் பத்தி எண்ணுடன் இருக்கும். அவை அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல. கோவிட் காலத்தில், 2020 நவம்பரில், இந்தக் குழு அளித்த 123ஆவது அறிக்கை, தேசிய சுகாதாரக் கொள்கை 2017 நிர்ணயித்த இலக்கான மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீத அரசுச் செலவை, 2025 வரை காத்திராமல் இரண்டு ஆண்டுகளுக்குள் எட்ட வேண்டும் என்று கேட்டது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2021-22இல் ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து செலவழித்தது 1.84 சதவீதம். பரிந்துரை வெளிவந்த நாளில் மட்டும் செய்தி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படாது.

ஆகவே அடுத்த கட்டம் மிக முக்கியமானது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு மூன்று மாதத்துக்குள் விடையளிக்க வேண்டும்; அந்த விடைகளை ஆராய்ந்து குழு நடவடிக்கை அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. அரசு ஏற்றுக்கொண்டவை, அரசின் விளக்கத்தைக் கண்டு குழு மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை, அரசின் விடையைக் குழு ஏற்காதவை, இறுதி விடை இன்னும் வராதவை என்று அது நான்காகப் பிரிந்திருக்கும். நேராக மூன்றாவது பகுதிக்குச் செல்லுங்கள். உண்மையான முரண்பாடு அங்கேதான் பதிவாகியிருக்கும். முதல் பகுதியையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். "பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரியும் சில நேரங்களில் ஏற்பாகவே வகைப்படுத்தப்படுகிறது. தேதி, தொகை, பொறுப்பேற்கும் அலுவலகம் ஆகிய மூன்றில் ஒன்றாவது விடையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை விடையளிக்கப்படாத பரிந்துரையாகவே உங்கள் குறிப்பேட்டில் வைத்திருங்கள். பரிந்துரைகள் எந்த அளவில் நிறைவேறின என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. அந்த அறிக்கையையும் தேடி எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வு தவறும் ஆண்டுகளும் உண்டு. 2024 பொதுத்தேர்தலுக்குப் பின் நிலைக்குழுக்கள் செப்டம்பர் இறுதியில்தான் அமைக்கப்பட்டன. அதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்தில், மானியக் கோரிக்கைகள் நிறைவேறிவிட்டன. அப்படிப்பட்ட ஆண்டைப் பற்றி எழுதும்போது, ஒதுக்கீடு குழுவின் முன் ஆய்வின்றி நிறைவேறியது என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

அவைக்குள் நடப்பது

மக்களவையில் ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே தனித்தனியாக விவாதிக்கப்படுகின்றன. எஞ்சியவை, குறித்த நாளில் குறித்த நேரம் வந்ததும், கில்லட்டின் என்று அவை நடைமுறையில் அழைக்கப்படும் முறைப்படி விவாதமின்றி ஒன்றாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. சுகாதாரக் கோரிக்கை அந்த ஆண்டில் எந்த வழியில் சென்றது என்பதை அலுவல் நிகழ்ச்சி நிரலில் காணலாம். கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கேட்கும் கொள்கை வெட்டு, குறிப்பிட்ட தொகையைக் குறைக்கக் கேட்கும் சிக்கன வெட்டு, நூறு ரூபாயைக் குறைக்கக் கேட்கும் அடையாள வெட்டு என வெட்டுத் தீர்மானங்கள் மூவகை. அவை நிறைவேறுவது அரிது; ஆனால் எந்த உறுப்பினர் எந்தக் குறையைக் குறித்து நோட்டீஸ் கொடுத்தார் என்பதற்கு அவை நல்ல பதிவு. ஆண்டின் நடுவில் வரும் துணை மானியக் கோரிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். புதிய பணம் வருகிறதா, அல்லது ஒரு தலைப்பில் மிச்சமானது இன்னொன்றுக்கு மாற்றப்படுகிறதா என்பதை அங்கே கூறியிருப்பார்கள். மாற்றமாக இருந்தால், எந்தத் திட்டம் தன் பணத்தை இழந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

தொடர்ந்து கிடைக்கும் தரவுச் சுரங்கம் கேள்விகள்தாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிப்பார், துணைக் கேள்விகள் கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாதவற்றுக்கு எழுத்து வடிவில் விடை வரும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. மாநிலங்களவையில் 15, 160. அண்மை ஆண்டுகளில் சுகாதார அமைச்சகத்துக்கான நாள் மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் செவ்வாய்க்கிழமை. விடைகளின் இணைப்பில் வரும் மாநிலவாரி அட்டவணைகள் வேறு எங்கும் அச்சாகாத தரவுகளாக இருப்பது வழக்கம்.

உங்கள் தொகுதி உறுப்பினர் வழியாகக் கேள்வி எழுப்ப விரும்பினால் வரைவை நீங்களே கவனமாக எழுதிக் கொடுங்கள். சுகாதாரம் தொடர்பான விடைகளில் மிகப்பெரும்பாலானவை "பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை" என்று தொடங்கும். ஏழாவது அட்டவணையின்படி அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியில் விடை முடிந்துவிடாதபடி கேள்வியை அமைக்க வேண்டும். "எங்கள் மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் இல்லாதது ஏன்?" என்பது மாநிலத்தின் பொறுப்பு என்று திருப்பி அனுப்பப்படும். "தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் செயல் திட்டத்தில் மனிதவளத்துக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக ஒப்புதல் அளித்த தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை யாவை?" என்பது ஒன்றிய அரசின் ஏட்டிலேயே இருக்கும் தகவல், அதற்கு அட்டவணைதான் விடையாக வர முடியும். குறைந்தது 15 நாள் முன்பாக நோட்டீஸ் தர வேண்டியிருப்பதாலும், எந்தக் கேள்வி இடம்பெறும் என்பது குலுக்கலில் முடிவாவதாலும், கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டவுடனே உறுப்பினரின் அலுவலகத்தை அணுகுவது நல்லது.

ஒரே பொருளைப் பற்றிய விடைகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டபோது திட்ட மதிப்பு 1,264 கோடி. பின்னர் அது 1,977.80 கோடியாகத் திருத்தப்பட்டது. அதில் 1,627.70 கோடி ஜப்பானிய பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன். முதல் மாணவர் குழு 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இது குறித்து இரு அவைகளிலும் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளின் விடைகளை வரிசையாக வைத்தால், மதிப்பு, கடன் ஒப்பந்தம், ஒப்பந்தப்புள்ளி, நிறைவு நாள் ஆகிய ஒவ்வொன்றும் எப்போது எப்படி மாறியது என்பதை அரசின் சொற்களைக் கொண்டே நிறுவலாம். இது தனித்த நிகழ்வும் அல்ல. மதுரை எய்ம்ஸும் அடங்கும் பிரதமர் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் முதலில் தொடங்கிய ஆறு எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 332 கோடி என்றிருந்த மதிப்பு பின்னர் 820 கோடியாக உயர்ந்ததை, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2018ஆம் ஆண்டு 10ஆம் எண் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அமைச்சர் "ஆராயப்படும்", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று கூறியிருந்தால் அது உறுதிமொழியாகக் கருதப்பட்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டியதாகிறது. அரசு உறுதிமொழிக் குழுவின் நிலுவைப் பட்டியலில் சுகாதார அமைச்சகத்தின் வரிகளைத் தேடினால், பழைய விடைகள் பல அங்கே காத்திருப்பதைக் காணலாம்.

தணிக்கை அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும்

நிலைக்குழு பணம் செலவாவதற்கு முன் கேட்கிறது. பொதுக் கணக்குக் குழு செலவான பிறகு கேட்கிறது. 1921இல் தொடங்கிய இந்தக் குழுவில் மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என 22 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைவராவது மரபு. 151ஆம் பிரிவின்படி அவையில் வைக்கப்படும் தணிக்கையாளரின் அறிக்கைகளே அதன் மூலப்பொருள். அவை ஒப்புதல் அளித்த தொகையையும் உண்மையில் செலவானதையும் அருகருகே காட்டி ஆண்டுதோறும் வரும் ஒதுக்கீட்டுக் கணக்குகளையும் பாருங்கள். ஒரு மானியத்தில் 100 கோடிக்கு மேல் மிச்சமானால் துறை இந்தக் குழுவுக்கு விளக்கம் அளிக்க வேண்டும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட 8,600 கோடிக்கான காரணங்களைத் தலைப்பு வாரியாகத் தேட வேண்டிய இடம் இதுவே.

ஒரு திட்டம் தன் நோக்கப்படி நடந்ததா என்று ஆராயும் செயல்திறன் தணிக்கை அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதற்கு, மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குறித்து 2023 ஆகஸ்டில் அவையில் வைக்கப்பட்ட 11ஆம் எண் அறிக்கை நல்ல பாடம். ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணுடன் இணைக்கப்பட்டிருந்தது நாடெங்கும் செய்தியானது. பயனாளியைச் சரிபார்க்கக் கைபேசி எண் பயன்படுவதில்லை என்று அமைச்சகம் விடையளித்தது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அதன் பிறகு, சரிபார்ப்புக்குப் பயன்படாவிட்டாலும் சிகிச்சை பெற்றவரைத் தொடர்புகொண்டு உறுதிப்படுத்த எண் வேண்டாமா என்று கேட்கலாம். தலைப்புச் செய்தியான அந்த ஒரு பத்தியோடு நின்றுவிடாமல், இறந்தவர்களின் பெயரில் வந்த காப்பீட்டுத் தொகைக் கோரிக்கைகள், மருத்துவமனைகளைப் பட்டியலில் சேர்த்த முறை, மாநிலங்கள் தம் பங்கைச் செலுத்திய விதம் ஆகிய இயல்களையும் படியுங்கள். பணம் கசியும் வழிகள் அங்கேதான் விளங்கும்.

எந்தத் தணிக்கை அறிக்கையிலும் தேர்ந்தெடுத்த மாதிரியின் அளவையும் ஆய்வுக் காலத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன அறிக்கை, திட்டம் தொடங்கிய 2018 செப்டம்பரிலிருந்து 2021 மார்ச் வரையிலான காலத்தைப் பற்றியது. அதை இன்றைய நிலை என்று எழுதினால் அமைச்சகம் எளிதில் மறுத்துவிடும். மாதிரி மாவட்டங்களில் கண்டதை மாநிலம் முழுவதற்கும் பெருக்கிக் காட்டுவதும் தவறு. பொதுக் கணக்குக் குழு எல்லாப் பத்திகளையும் விசாரிப்பதில்லை. தேர்ந்தெடுத்த சிலவற்றையே வாய்மொழிச் சாட்சியத்துக்கு எடுத்துக்கொள்கிறது. விசாரிக்காத பத்திகளுக்கும் அமைச்சகம் நான்கு மாதத்தில் நடவடிக்கைக் குறிப்பு அனுப்ப வேண்டும். குழுவின் பரிந்துரைகளுக்கு விடையளிக்கும் கெடு ஆறு மாதம். இந்தக் கெடுநாட்களை உங்கள் நாட்காட்டியில் எழுதி வைத்து, நாள் கடந்தால் உறுப்பினர் வழியாகவோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவோ கேளுங்கள்.

மாநிலத்திலும் இதே வேலை

சுகாதாரச் செலவில் பெரும்பகுதி மாநிலங்களின் கையில் இருப்பதால் தமிழ்நாட்டு வாசகருக்கு அரைவாசி வேலை சென்னையில் இருக்கிறது. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறையின் மானியக் கோரிக்கை எண் 19. அதனோடு வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. திட்டங்களின் விவரங்கள் அதில் விரிவாக உண்டு, ஆனால் சாதனைகளின் பட்டியலாக எழுதப்படுவதால் முந்தைய ஆண்டுக் குறிப்பை அருகில் வைத்தே படிக்க வேண்டும். சென்ற ஆண்டு அறிவித்த எந்தத் திட்டம் இந்த ஆண்டுக் குறிப்பில் பெயரே இல்லாமல் போயிற்று என்று பார்ப்பது எளிய, பலன் தரும் சோதனை. கேரளச் சட்டமன்றத்தில் உள்ள பொருட்குழுக்களைப் போன்ற துறைவாரிக் குழுக்கள் தமிழ்நாட்டில் இல்லாததால், கோரிக்கை வாக்கெடுப்புக்கு வருமுன் அதை அமர்ந்து ஆராயும் கட்டம் இங்கே இல்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து. மாநிலக் கணக்குகள் பற்றிய தணிக்கை அறிக்கைகளும் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் அதனால் இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

நீங்கள் திரட்டியதைக் குழுவிடமே சேர்க்கவும் வழியுண்டு. நிலைக்குழு ஒரு பொருளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்போது, பொதுமக்களிடமிருந்து கருத்துகளைக் கேட்டு நாளிதழ்களிலும் இணையதளத்திலும் விளம்பரம் செய்கிறது. அனுப்பும் குறிப்பு நான்கைந்து பக்கங்களுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு தொகைக்கும் ஆவணத்தின் பெயர், ஆண்டு, பத்தி எண் ஆகியவற்றோடு இருக்கட்டும். பொதுவான குறைகளைவிட, அமைச்சகத்திடம் கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளைத் தெளிவாக எழுதித் தருவது உறுப்பினர்களுக்கு மிகவும் பயன்படும். அனுப்பிய பின் அந்தக் குறிப்பு குழுவின் பதிவேட்டைச் சேர்ந்ததாகிவிடுகிறது. அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே அதை வெளியிடவோ பிறருக்குச் சுற்றுக்கு விடவோ கூடாது. உங்கள் கட்டுரைக்கு வேண்டிய தரவுகளைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு, குழுவுக்கு அனுப்புவதைத் தனியே எழுதுங்கள்.